புராஸ்டேட் புற்றுநோயோடு வாழ்வது: ஊசி நாளில் கேட்கத் தயங்கும் கேள்விகள்

மருத்துவரின் அறையில் கிடைப்பது ஐந்து நிமிடம். பி.எஸ்.ஏ. எண்ணும் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி இரத்தத்தில் விடும் புரதத்தின் அளவு) அடுத்த ஹார்மோன் ஊசித் தேதியும் பேசி முடிப்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். சிறுநீர்க் கசிவுக்கு வைக்கும் பேடு, படுக்கையறை, நடுராத்திரி வியர்வை, காரணமில்லாத அழுகை எல்லாம் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். கீழே உள்ளவை பெரும்பாலும் அப்படி நின்றுபோகும் கேள்விகள். இவற்றில் பலவற்றுக்கு நல்ல பதில் வைத்திருப்பவர், அதே சிகிச்சையைக் கடந்து வந்த இன்னொரு மனிதர். அவரை எங்கே பிடிப்பது, அவரிடம் எதைக் கேட்கலாம், எதை மருத்துவரிடம் மட்டும் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. நாளைக்கே ஏதாவது செய்தாக வேண்டுமா?

பெரும்பாலானவர்களுக்கு அந்த அவசரம் இல்லை. புராஸ்டேட் புற்றுநோயில் மெதுவாக நகரும் ரகமே அதிகம். இரண்டு மூன்று வாரம் எடுத்து விசாரித்து முடிவு செய்வதால் கெட்டுப்போவது அரிது. சிறுநீர் அடைத்துக்கொண்டவர்கள், கால் பலமிழந்தவர்கள், முதுகெலும்பில் பரவல் இருப்பவர்கள் மட்டும் காத்திருக்கக் கூடாது.

அந்த வாரங்களில் நான்கு விவரங்களைக் கையில் வாங்குங்கள்: பயாப்ஸிக்கு முந்தைய பி.எஸ்.ஏ. அளவு, நோயின் வேகத்தைக் காட்டும் கிளீசன் எண், எடுத்த சதைத் துண்டுகளில் எத்தனையில் நோய் இருந்தது என்ற கணக்கு, பரவலைப் பார்த்த ஸ்கேன் அறிக்கை. வேறு மருத்துவமனையில் இரண்டாவது கருத்து கேட்பதாக இருந்தால் காகித அறிக்கை மட்டும் போதாது. பயாப்ஸி கண்ணாடித் தகடுகளையும் சதைத் துண்டு பதித்த மெழுகுக் கட்டிகளையும் லேபில் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். இது நோயாளியின் உரிமை. கேட்கத் தயங்க வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். முதல் பக்கத்தில் ஒரு தாள்: தேதி, பி.எஸ்.ஏ., டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் அளவு, போட்ட ஊசி, சாப்பிடும் மாத்திரைகள். ஒவ்வொரு முறையும் ஒரு வரி சேர்த்தால் போதும். புது மருத்துவர் நூறு பக்கத்தைப் புரட்ட மாட்டார், அந்த ஒரு தாளைப் படிப்பார்.

கிளீசன் 7 என்று எழுதியிருக்கிறது. பத்துக்கு ஏழா? அவ்வளவு மோசமா?

பள்ளிக்கூட மார்க் போல இதைப் படிக்கக் கூடாது. டொனால்ட் கிளீசன் என்ற அமெரிக்க நோய்க்கூறு மருத்துவர் 1960-களில் வகுத்த முறை இது. மைக்ராஸ்கோப்பில் அதிகமாகத் தெரியும் அமைப்புக்கு ஓர் எண், அடுத்ததற்கு ஓர் எண், இரண்டின் கூட்டல். இன்றைய நடைமுறையில் பயாப்ஸியில் கிடைக்கும் மிகக் குறைந்த எண்ணே 6 தான். ஆகவே 7 என்பது நடுத்தரம். அதிலும் 3+4 வேறு, 4+3 வேறு. முதலில் வரும் எண்தான் அதிகப் பங்கு. இந்தக் குழப்பத்தால்தான் இப்போது 1 முதல் 5 வரை கிரேடு குரூப் என்றும் எழுதுகிறார்கள்: 3+3 என்றால் 1, 3+4 என்றால் 2, 4+3 என்றால் 3, கூட்டல் 8 என்றால் 4, 9 அல்லது 10 என்றால் 5.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு ஆபரேஷன். எனக்கு வெறும் ஊசி. இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லை, "பார்த்துக்கொள்வோம்" என்றார்களாம். யாருக்குத் தவறாகச் செய்கிறார்கள்?

மூவருக்கும் சரியாகவே செய்திருக்கலாம். நோய் சுரப்பிக்குள் மட்டும், கிரேடு 1, பி.எஸ்.ஏ. குறைவு என்றால் குறிப்பிட்ட இடைவெளியில் பி.எஸ்.ஏ., எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் மறு பயாப்ஸி என்று கண்காணிப்பது ஒரு முறையான சிகிச்சைத் திட்டம். கைவிட்டுவிட்டார்கள் என்று பொருளல்ல. சுரப்பிக்குள் இருந்தாலும் வேகமான ரகம் என்றால் அறுவையோ கதிர்வீச்சோ. எலும்புக்குப் பரவியிருந்தால் சுரப்பியை மட்டும் எடுத்துப் பயனில்லை. உடல் முழுக்க வேலை செய்யும் ஹார்மோன் சிகிச்சை தேவை. வயது, இதயம், சர்க்கரை எல்லாம் இதில் கலக்கும்.

காத்திருக்கும் வரிசையில் ஒருவருக்கொருவர் பேசுவது நல்லது. சிகிச்சையை ஒப்பிட்டுத் தூக்கம் கெடுவதுதான் வேண்டாதது. ஒப்பிடத் தோன்றினால் முதலில் மூன்றைக் கேளுங்கள்: கிளீசன் எவ்வளவு, பரவியதா, என்ன வயது. மூன்றும் ஒத்துப்போகாதவரை அவருடைய சிகிச்சை உங்களுக்கு அளவுகோல் ஆகாது.

ஆபரேஷன் முடிந்து ஒன்றரை வருடம். பி.எஸ்.ஏ. 0.3 வந்திருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் 4 வரைக்கும் பயமில்லை என்கிறார்.

அவர் நல்ல மனதோடு சொல்கிறார், ஆனால் அந்த 4 உங்களுக்குப் பொருந்தாது. அது சுரப்பி உடலில் இருக்கும், சிகிச்சை எடுக்காத மனிதருக்கான எண். சுரப்பியை முழுவதும் எடுத்துவிட்டால் பி.எஸ்.ஏ. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் ஏறக்குறைய இல்லாத அளவுக்கு இறங்க வேண்டும். அதன்பின் 0.2-ஐத் தொட்டு, மறுபடி எடுத்தாலும் அதே அளவோ கூடவோ வந்தால் நோய் திரும்பியிருக்கலாம் என்று எடுத்துக்கொள்வார்கள். இந்தக் கட்டத்தில் கதிர்வீச்சு கொடுத்தால் முழுவதும் கட்டுப்படும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. எண் ஏற ஏற அந்த வாய்ப்பு குறையும். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

கதிர்வீச்சு எடுத்தவர்களுக்குக் கணக்கு வேறு. சுரப்பி உள்ளேயே இருப்பதால் பி.எஸ்.ஏ. மெதுவாக, ஒன்றிரண்டு வருடம்கூட எடுத்து இறங்கும். நடுவில் சற்று ஏறித் தானே இறங்குவதும் உண்டு. தொட்ட மிகக் குறைந்த எண்ணைவிட 2 கூடினால்தான் திரும்பியதாகக் கொள்வார்கள். ஹார்மோன் ஊசியில் இருப்பவர்களுக்கு எண்ணைவிட ஏறும் வேகம் முக்கியம். அப்போது டெஸ்டோஸ்டிரோனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்; அது டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இல்லையென்றால் ஊசி சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள்.

எல்லோருக்கும் பொதுவானது: ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் எடுங்கள். லேபுக்கு லேப் கருவி மாறும், எண்ணும் சற்று மாறும். சுரப்பி உள்ளே இருப்பவர்கள் சிறுநீர்த் தொற்று வந்திருந்தால் ஆறு வாரம் கழித்து எடுக்கலாம். இரண்டு நாள் முன்பிருந்து சைக்கிள் மிதிப்பதையும் உடலுறவையும் தவிர்க்கலாம். சிறுநீர் எளிதாகப் போக ஃபினஸ்டிரைடு அல்லது டுட்டாஸ்டிரைடு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதை லேபிலும் மருத்துவரிடமும் சொல்லியாக வேண்டும். அந்த மாத்திரைகள் பி.எஸ்.ஏ.-வை ஏறக்குறைய பாதியாகக் காட்டும்.

அப்பாவுக்கு 74 வயது. மூன்று மாதத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி. ஊரில் கல்யாணம் இருக்கிறது, இரண்டு வாரம் தள்ளிப் போடலாமா?

தள்ளாதீர்கள். நாலைந்து நாள் முன்னதாகப் போட முடியுமா என்று கேளுங்கள். இந்த நோய்க்கு ஆண் ஹார்மோன்தான் தீனி. அதை நிறுத்தினால் நோய் சுருங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் காட்டினார், அதற்காக 1966-இல் நோபல் பரிசும் பெற்றார். ஊசியின் வேலை அந்தத் தீனியை அடைத்து வைப்பது. நாள் தள்ளினால் கதவு திறந்துகொள்ளும்.

"மூன்று மாதம்" என்பது பெரும்பாலும் 12 வாரக் கணக்கு, அதாவது 84 நாள். இங்கிலீஷ் மாதக் கணக்கில் மூன்று என்று எண்ணினால் ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் நழுவும். ஊசி போட்ட அன்றே காலண்டரில் 84 எண்ணி வட்டம் போட்டுவிடுங்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் மருந்துச் சீட்டைக் கிழித்து ஃபைலில் ஒட்டுங்கள். சில கம்பெனி மருந்துகளை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். பெட்டியில் அப்படி எழுதியிருந்தால் கடையிலிருந்து மருத்துவமனை வரை ஐஸ் பெட்டியில் எடுத்துப் போக வேண்டும். மருந்து ஐஸ் கட்டியோடு நேராக ஒட்டாமல் நடுவில் துணி வைக்கவும்.

லியூப்ரோலைடு, கோசரெலின் போன்ற ஊசிகளை முதன்முறை போடும்போது முதல் இரண்டு வாரம் ஹார்மோன் குறையாமல் ஏறும். எலும்பில் பரவியவர்களுக்கு அந்த நாட்களில் வலி கூடலாம், முதுகுத் தண்டு நெருக்கப்படலாம். அதைத் தடுக்கத்தான் முதலில் பைகாலுடமைடு மாத்திரை எழுதுகிறார்கள். "மாத்திரை எதுக்கு, அதான் ஊசி போட்டாச்சே" என்று அதை விட்டுவிடும் வீடுகள் பல. விடாதீர்கள். டெகாரெலிக்ஸ் ஊசிக்கு இந்த ஏற்றம் கிடையாது.

ஊசிக்குப் பதிலாக விரைகளை எடுத்துவிடலாம் என்கிறார்கள். சம்மதிப்பதா?

பலனில் இரண்டும் சமம். சிறிய ஆபரேஷன், செலவு ஒரே முறை, சில மணி நேரங்களிலேயே ஹார்மோன் இறங்கிவிடும், தேதி தவறும் பிரச்சினையும் இல்லை. ஊரிலிருந்து வந்து போவது கடினமானவர்களுக்கும், ஊசி வாங்கக் கடன்படுபவர்களுக்கும் இது நல்ல வழி என்றே கருதுகிறோம். திரும்பப் பெற முடியாது என்பதுதான் இதன் குறை. விரைப்பையை அப்படியே விட்டு உள்ளிருக்கும் திசுவை மட்டும் நீக்கும் முறையும் உண்டு. வெளித் தோற்றம் முழுவதும் மாறிவிடாது. "ஆம்பளைத்தனம் போயிடும்" என்று ஊரார் சொல்வதைக் கேட்டு மறுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஆசையைக் குறைப்பது ஹார்மோன் குறைவு. ஊசியும் அதையேதான் செய்கிறது.

திடீரென்று உடம்பு குப்பென்று அனல் வீசி வியர்க்கிறது. காய்ச்சலா?

ஹார்மோன் குறைந்ததன் விளைவு. மாதவிடாய் நின்ற காலத்தைக் கடந்த பெண் வீட்டில் இருந்தால் அவருக்கு இது அத்துப்படி, அவரிடமே கேளுங்கள். சூடான காபி, காரம், மது, அடைத்த அறை ஆகியவை கிளப்பிவிடும். பருத்தித் துணி, படுக்கைக்கு அருகில் மேசை விசிறி, தலையணைக்கு மேல் ஒரு துண்டு. எந்த நேரத்தில் வருகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள், கிளப்பிவிடுவது எது என்று பிடிபடும். தூக்கமே கெடும் அளவுக்கு இருந்தால் மாத்திரை உண்டு. மருத்துவரிடம் சொன்னால்தான் எழுதுவார்.

ஊசி ஆரம்பித்து ஒரு வருடத்தில் தொப்பை விழுந்துவிட்டது, சர்க்கரையும் ஏறிவிட்டது. ஓய்வில்தானே இருக்கிறேன்?

ஊசி ஒரு காரணம், அந்த ஓய்வு இன்னொரு காரணம். ஆண் ஹார்மோன் இல்லாத உடலில் தசை கரையும், கொழுப்பு ஏறும், எலும்பு மெலியும். "கேன்சர்காரர், ஒன்றும் செய்ய விடாதே" என்று வீட்டார் அன்போடு உட்கார வைத்துவிடுவது இந்தச் சிகிச்சையில் செய்யக்கூடிய பெரிய தவறுகளில் ஒன்று. வாரத்துக்கு 150 நிமிட வேக நடை, அதோடு இரண்டு நாள் தசைக்கு வேலை. நடை மட்டும் போதாது. தசையைக் காப்பது பளுதான். நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது பத்து முறை, சுவரில் கை வைத்துத் தள்ளுவது பத்து முறை, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை இரு கையிலும் தூக்கி இறக்குவது பத்து முறை. எலும்பில் பரவல் இருந்தால் எந்த அசைவு கூடாது என்று மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்ட பிறகே தொடங்குங்கள்.

எலும்புக்கு உணவும் மாத்திரையும் சேர்த்து ஒரு நாளைக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கால்சியமும் வைட்டமின் டி-யும் தேவை. கேழ்வரகு, மோர், முள்ளோடு தின்னும் நெத்திலி எல்லாம் உதவும். தொடக்கத்தில் ஒரு முறை டெக்ஸா என்னும் எலும்பு அடர்த்திப் பரிசோதனை. எலும்பைக் காக்கும் சோலெட்ரானிக் ஆசிட் அல்லது டெனோசுமாப் ஊசி போடச் சொன்னால், முதல் ஊசிக்கு முன் பல் மருத்துவரிடம் போய்ச் சொத்தைப் பல்லைப் பிடுங்குவது போன்ற வேலைகளை முடித்துவிடுங்கள். ஊசி தொடங்கிய பின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. வெற்றிலை, புகையிலை பழக்கத்தால் பல் ஆடிக்கொண்டிருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

அபிரட்டரோன் மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாமா? வயிறு எரிகிறது.

அபிரட்டரோன், ஆண் ஹார்மோன் உருவாவதையே தடுக்கும் மாத்திரை. வழக்கமான 1000 மில்லிகிராம் அளவில் போடுபவர் என்றால் கூடாது. வயிற்றில் உணவு இருந்தால் இந்த மருந்து பல மடங்கு அதிகமாக இரத்தத்தில் ஏறிவிடும். காலை ஆறு மணிக்கு எழுந்ததும் தண்ணீரோடு விழுங்கி, ஒரு மணி நேரம் எதுவும் வேண்டாம், காலைக் காபி உட்பட. ஆனால் கூடவே எழுதும் பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையைக் காலை உணவுக்குப் பிறகுதான் போட வேண்டும். இரண்டையும் சேர்த்து வெறும் வயிற்றில் விழுங்குவதால்தான் பலருக்கு எரிகிறது. பிரெட்னிசலோனைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கல்லீரல் பரிசோதனை. இரத்த அழுத்தம், பொட்டாசியம், கால் வீக்கம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். கர்ப்பமாக இருக்கும் மகளோ மருமகளோ இந்த மாத்திரையை வெறும் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

செலவைக் குறைக்கச் சில மருத்துவர்கள் சிலருக்கு 250 மில்லிகிராமைக் குறைந்த கொழுப்புள்ள உணவோடு கொடுப்பதுண்டு. நோயாளிகள் பேசிக்கொள்ளும்போது "எனக்குச் சாப்பாட்டோடுதான் சொன்னார்" என்று ஒருவர் சொல்ல, 1000 மில்லிகிராம் போடும் இன்னொருவர் அதையே பின்பற்றினால் ஆபத்து. சக நோயாளியிடம் கேட்கக் கூடாதவற்றில் முதலாவது, அளவும் நேரமும்.

கரண்ட் வைக்கும்போது தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு வரச் சொல்கிறார்கள். அடக்கவே முடியவில்லை.

கதிர்வீச்சை ஊரில் கரண்ட் என்கிறோம், மின்சாரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் குடல் மேலே தள்ளப்பட்டுக் கதிரிலிருந்து விலகும். மலக்குடல் காலியாக இருந்தால் சுரப்பி தினமும் ஒரே இடத்தில் நிற்கும். அதற்காகத்தான் இந்தக் கெடுபிடி. பொதுவாகச் சிறுநீரை முழுக்கக் கழித்துவிட்டு 400 முதல் 500 மில்லி குடித்து அரை மணி முதல் முக்கால் மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். உங்கள் மருத்துவமனை சொன்ன அளவே உங்களுக்கு. அடக்க முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்: முந்தின நாள் போதிய தண்ணீர் குடிக்காதது, வரிசை நீண்டு நேரம் தள்ளுவது. உங்கள் முறைக்கு முன் எத்தனை பேர் என்று டெக்னீஷியனிடம் கேட்டபின் குடியுங்கள். முடியாவிட்டால் சொல்லிவிட்டுப் போய்க் கழித்து, மறுபடி குடியுங்கள். வெட்கப்பட்டுப் பாதி காலியான பையோடு படுப்பதைவிட அது நல்லது. வாயுவைக் கிளப்பும் கடலை, மொச்சை, முட்டைக்கோஸ் அந்த வாரங்களில் வேண்டாம்.

பல மாதம் அல்லது வருடங்கள் கழித்து மலத்தில் இரத்தம் வந்தால் உட்குழாய்ப் பரிசோதனை செய்பவரிடம் "அந்த இடத்தில் கதிர்வீச்சு எடுத்திருக்கிறேன்" என்று முதலிலேயே சொல்லுங்கள். கதிர்பட்ட மலக்குடல் சுவரில் சதை எடுத்தால் புண் ஆறாமல் ஓட்டை விழக்கூடும்.

ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் சொட்டுகிறது. வேட்டி நனைந்துவிடுமோ என்று கோயிலுக்குக்கூடப் போவதில்லை.

இதைத்தான் அதிகம் பேர் அனுபவிக்கிறார்கள், இதைத்தான் குறைவாகப் பேசுகிறார்கள். ஆபரேஷனில் வைத்த சிறுநீர்க் குழாயை எடுத்த முதல் வாரங்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் கசியும். பெரும்பாலானவர்களுக்கு மூன்று முதல் பன்னிரண்டு மாதத்தில் கட்டுக்குள் வரும்.

குழாய் உள்ளே இருக்கும்போது இடுப்புத்தளப் பயிற்சி வேண்டாம், எடுத்த பிறகு செய்யுங்கள். வாயுவை அடக்குவது போலவும், பாதியில் சிறுநீரை நிறுத்துவது போலவும் உள்ளிழுங்கள். சரியாகச் செய்தால் குறியின் அடிப்பகுதி உள்ளே போகும், விரைகள் சற்று மேலே ஏறும்; கண்ணாடி முன் நின்று பார்த்து உறுதி செய்யலாம். ஐந்து விநாடி பிடித்து ஐந்து விநாடி விடுவது பத்து முறை, ஒரு நாளில் மூன்று வேளை. சில வாரத்தில் பத்து விநாடிக்கு ஏற்றலாம். தவறு நடப்பது மூச்சை அடக்குவதில், வயிற்றை எக்குவதில், பிட்டத்தை இறுக்குவதில். நூறு இருநூறு என்று செய்தால் சீக்கிரம் சரியாகும் என்று நினைப்பதும் தவறு. தசை களைத்துப்போய் மாலையில் இன்னும் அதிகம் கசியும். இருமும் முன், எழும் முன், குடத்தைத் தூக்கும் முன் ஒரு நொடி இறுக்கிக்கொள்ளப் பழகுங்கள். அன்றாடத்தில் கைகொடுப்பது அதுதான்.

தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீர் கெட்டியானால் சிறுநீர்ப்பை எரிச்சல்பட்டு இன்னும் அடிக்கடி வரும். குறைக்க வேண்டியது காபியும் டீயும். முன்னேற்றத்தை அளக்க, சமையலறைத் தராசில் காய்ந்த பேடையும் நனைந்த பேடையும் நிறுத்துப் பாருங்கள். ஒரு கிராம் கூடினால் ஒரு மில்லி. ஒரு நாள் மொத்தத்தை மாதம் ஒரு முறை குறித்து வைத்தால், "ஒண்ணும் மாறலையே" என்று தோன்றும் நாட்களில் அந்தத் தாள் உண்மையைச் சொல்லும். வெளியே போகும்போது வேட்டிக்குள் இறுக்கமான உள்ளாடையும் ஆண்களுக்கான பேடும், பையில் மாற்று ஒன்று, அடர்நிற வேட்டி அல்லது கால்சட்டை. ஒரு வருடம் ஆகியும் நாளுக்குப் பல பேடு தேவைப்பட்டால் சிறுநீரை அடைத்துத் திறக்கும் செயற்கைச் சாதனம், தாங்கு நாடா போன்ற அறுவை வழிகள் இருக்கின்றன. சகித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

தாம்பத்தியம் முடிந்ததா?

அறுவைக்குப் பின் விந்து வெளிவராது, உச்சம் இருக்கும். விறைப்பு திரும்புவது நரம்புகளைக் காக்க முடிந்ததா, வயது, முன்பிருந்த நிலை ஆகியவற்றைப் பொறுத்தது. இரண்டு வருடம் வரைகூட மெல்ல மெல்லத் திரும்பலாம். மாத்திரை, வெற்றிடப் பம்பு, குறியில் போடும் ஊசி என்று படிப்படியாக வழிகள் உண்டு. சில்டெனஃபில் மாத்திரை எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பின் தாமதமாகத்தான் வேலை செய்யும், தூண்டுதலும் வேண்டும். ஒரு முறை போட்டுப் பலிக்கவில்லை என்று விட்டுவிட வேண்டாம். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற மாத்திரை பயன்படுத்துபவர்கள் இதைத் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

ஹார்மோன் ஊசியில் இருப்பவர்களுக்குப் பிரச்சினை வேறு: ஆசையே எழாது. இதை மனைவியிடம் சொல்லாமல் விலகிப் படுத்தால், அவர் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார். "ஊசியால்தான் இப்படி" என்ற ஒரு வாக்கியம் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும். தொடுவதும் தலைகோதுவதும் பக்கத்தில் உட்காருவதும் ஹார்மோனைச் சார்ந்தவை அல்ல.

எந்த வலிக்கு உடனே ஓட வேண்டும்?

எலும்பில் பரவியவர்களுக்குப் புதிதாக வரும் முதுகுவலி, குறிப்பாகப் படுத்தால் கூடுவது, இருமினால் இடுப்பைச் சுற்றிப் பட்டை கட்டியது போல இறுக்குவது. கால் கனத்தல், படியேறத் தடுமாற்றம், தொடையிடுக்கில் மரத்துப்போதல், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடு இழத்தல். இது முதுகுத் தண்டு நெருக்கப்படுவதன் அறிகுறி. அன்றைக்கே எம்.ஆர்.ஐ. வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும், தேவையானால் 108. நடக்க முடிகிற நிலையில் வந்தவர் பெரும்பாலும் தொடர்ந்து நடப்பார். கால் முழுக்க விழுந்தபின் வந்தால் பெரும்பாலும் மீளாது. "வாயு பிடிச்சிருக்கு" என்று தைலம் தேய்த்து, முதுகை மிதிக்கச் சொல்லி, ஒரு வாரம் கழிப்பதுதான் கால்களைப் பறிக்கிறது.

இவ்வளவும் மருத்துவரே சொல்லலாமே? சக நோயாளிகள் எதற்கு?

எந்தப் பேடு வெயில் காலத்தில் தொடையை உரசிப் புண்ணாக்காது, ஊசி போட்ட பக்கம் எத்தனை நாள் வலிக்கும், எந்த மாதத்தில் மனசு இருண்டு மறுபடி வெளுக்கும், பேரனிடம் என்ன சொல்வது என்பதெல்லாம் மருத்துவப் புத்தகத்தில் கிடைக்காது. மூன்று வருடம் முன்பு இதே ஊசியைத் தொடங்கியவர் எதிரில் தெம்பாக உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதே புதியவருக்கு மருந்து. அமெரிக்காவில் 1990-இல் புராஸ்டேட் நோயாளிகள் சிலர் 'அஸ் டூ', அதாவது 'நாங்களும்', என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நம் ஊரில் ஆண்கள் இந்த நோயை 'யூரின் பிராப்ளம்' என்று மட்டும் சொல்லிப் பழகிவிட்டதால், ஒரே தெருவில் இரண்டு பேர் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே ஊசியைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கே தேடுவது?

முதலில் உங்கள் மருத்துவமனையிலேயே. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய இடங்களில் மருத்துவச் சமூகப் பணியாளரோ மனநல ஆலோசகரோ இருப்பார். அவரிடம் ஒரு வாக்கியம் போதும்: "என்னைப் போலவே ஹார்மோன் ஊசியில் இருக்கும், பேச விருப்பமுள்ள ஒருவரின் சம்மதம் கேட்டு எனக்குச் சொல்ல முடியுமா?" மருத்துவமனை தானாக யாருடைய எண்ணையும் தரக் கூடாது, தராது. இருவர் சம்மதமும் அவர் வழியாக வர வேண்டும். கதிர்வீச்சு நாட்களில் இது இன்னும் எளிது. தினமும் அதே நேரத்தில் அதே முகங்கள்தான் வரிசையில் இருக்கும். பேசத் தெரியாதவர்கள் "எத்தனாவது நாள்?" என்று தொடங்கலாம்.

நோயின் அதே கட்டத்தில் இருப்பவரைத் தேடுங்கள். அறுவை முடிந்து நலமானவரும், எலும்பில் பரவி மூன்றாவது மருந்தில் இருப்பவரும் ஒருவருக்கொருவர் உதவலாம்தான். ஆனால் முதல் துணை ஒரே படகில் இருப்பவராக இருப்பது நல்லது.

நாங்கள் ஆறேழு பேர் சேர்ந்திருக்கிறோம். குழுவாக நடத்துவது எப்படி?

ஆறு முதல் பன்னிரண்டு பேர் நல்ல அளவு. மாதம் ஒரு முறை, ஒரே கிழமை, ஒரே நேரம், ஒன்றரை மணி நேரம். கழிப்பறை பக்கத்தில் இருக்கும், படியில்லாத இடமாகப் பாருங்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மறந்தால் கசிவு உள்ளவர்கள் இரண்டாவது முறை வரமாட்டார்கள். மருத்துவமனைக்குள்ளேயே ஓர் அறை கேட்டால் கிடைக்க வாய்ப்புண்டு. ஒருவர் நடத்துநர், ஒருவர் வராதவர்களுக்குப் போன் செய்பவர். இரண்டாவது வேலைதான் குழுவை உயிரோடு வைத்திருக்கிறது. வராமல் போனவர்தான் பெரும்பாலும் அதிகச் சிரமத்தில் இருப்பவர்.

முதல் கூட்டத்திலேயே சில விஷயங்களை ஒப்புக்கொள்ளுங்கள். இங்கே பேசியது வெளியே போகாது. மருந்தளவு சொல்லக் கூடாது. யாரும் யாருக்கும் எதையும் விற்கக் கூடாது. ஒருவர் பேசும்போது குறுக்கே ஆறுதல் சொல்லக் கூடாது. "எல்லாம் சரியாயிடும் சார்" என்ற சொல் அவர் வாயை மூடிவிடும். அதிகம் பேசுபவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். ஆளுக்கு ஏழு நிமிடம் என்று கடிகாரத்தை மேசையில் வைத்துவிட்டால் யார் மனமும் புண்படாது. வாட்ஸப் குழு வைத்தால் தேதி, இடம், ஊசி கிடைக்கும் விவரம் மட்டும். ஸ்கேன் அறிக்கைகளைப் பொதுவில் போட வேண்டாம்.

மனைவிமார் தனியாக ஒரு பக்கம் கூடுவதையும் ஏற்பாடு செய்யுங்கள். கணவர் எதிரில் அவர்கள் பேசமாட்டார்கள். இரவில் படுக்கை விரிப்பு மாற்றுவது முதல் பணக்கவலை வரை சுமப்பவர்கள் அவர்கள்.

குழுவில் ஒருவர் முள் சீத்தா இலைக் கஷாயத்தால் குணமானதாகச் சொல்கிறார். பலர் ஊசியை நிறுத்த நினைக்கிறார்கள்.

அவர் அதே காலத்தில் ஊசியும் போட்டுக்கொண்டிருந்தாரா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஆம் என்பார். பி.எஸ்.ஏ.-வை இறக்கியது எது என்பது அதிலேயே தெரிந்துவிடும். புராஸ்டேட் புற்றுநோயைக் கஷாயம் குணமாக்கும் என்பதற்கு மனிதரிடம் நடந்த சோதனைச் சான்று இல்லை. சில மூலிகைகள் கல்லீரலைக் கெடுக்கும். அபிரட்டரோன் எடுப்பவருக்கு அது இரட்டை அடி. எதையாவது ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்தால் திட்டு விழும் என்று மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நடத்துநர் அந்த நபரை அவமானப்படுத்தாமல், "ஊசியை நிறுத்தும் முடிவை மருத்துவர் இல்லாமல் யாரும் எடுப்பதில்லை என்று நாம் பேசியிருக்கிறோம்" என்று எல்லோர் முன்னாலும் நினைவூட்ட வேண்டும்.

பிள்ளைகளிடம் சொல்ல வேண்டுமா?

ஆம், குறிப்பாக மகன்களிடமும் சகோதரர்களிடமும். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இருந்தால் மற்றவர்களுக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது. 45 வயதிலிருந்தே பி.எஸ்.ஏ. பற்றி மருத்துவரிடம் பேசலாம். குடும்பத்தில் மார்பக, சினைப்பைப் புற்றுநோயும் இருந்தால் பி.ஆர்.சி.ஏ. மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். அது மகள்களுக்கும் பொருந்தும். பரவிய நோயில் அந்த முடிவைப் பொறுத்து ஒலபாரிப் போன்ற மருந்துக்கும் வழி பிறக்கும்.

செலவுக்கு என்ன வழி?

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்தில் பதியலாம். எந்தச் சிகிச்சை அதில் அடங்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் ஒவ்வொரு கட்டத்திலும் முன்கூட்டியே கேளுங்கள். பணம் கட்டியபின் திரும்ப வாங்குவது கடினம். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவர் ஒருவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. நோயாளிக்கு ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. வகுப்புகளில் கட்டணமே இல்லை. ரயில்வேயின் படிவத்தில் மருத்துவமனை கையெழுத்திட்ட சான்றோடு முன்பதிவு கவுன்டரில் வாங்க வேண்டும். மாத்திரைகளில் ஒரே மருந்து கம்பெனிக்குக் கம்பெனி பெரிய விலை வித்தியாசத்தில் கிடைக்கிறது. இந்த விஷயத்தில் குழுவில் இருப்பவர்கள்தான் நல்ல வழிகாட்டிகள். கண்டுபிடித்த கம்பெனி பெயரை மருத்துவரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பின் மாற்றுங்கள்.

மனசு சரியில்லை. எதற்கெடுத்தாலும் அழுகை வருகிறது. ஆண்பிள்ளை அழலாமா?

ஹார்மோன் குறைவே மனதைத் தாழ்த்தும். அது உங்கள் பலவீனம் அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, ஆர்வம் எல்லாம் போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தும் ஆலோசனையும் பலன் தரும். எந்த நேரமும் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. செத்துவிடலாம் என்று தோன்றினால் காத்திருக்காமல் உடனே பேசுங்கள், வீட்டாரில் ஒருவரிடமும் சொல்லுங்கள்.

எங்கள் குழுவில் ஒருவர் போன வாரம் இறந்துவிட்டார். மற்றவர்கள் வர பயப்படுகிறார்கள்.

மறைக்க வேண்டாம். அடுத்த கூட்டத்தின் தொடக்கத்தில் அவர் பெயரைச் சொல்லி, எல்லோரும் அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசுங்கள். அவருக்கு என்ன மருந்து, என்ன எண் என்ற விவரத்துக்குள் போக வேண்டாம். ஒவ்வொருவரும் தன் எண்ணை அதோடு ஒப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். அன்று வராதவர்களுக்கு நடத்துநரே அன்று மாலை போன் செய்யட்டும். இறந்தவரின் மனைவி விரும்பினால், மற்ற மனைவிமாரோடு தொடர்ந்து கூட்டத்துக்கு வரலாம் என்று நேரில் போய்ச் சொல்லுங்கள். காரியம் முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பிய பிறகு, மூன்றாவது நான்காவது வாரத்தில் போவது நல்லது. அவரிடம் மிச்சமிருக்கும் பிரிக்காத பேடு, சக்கர நாற்காலி போன்றவற்றைக் கொடுக்க அவரே முன்வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துகளை மட்டும் ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றாதீர்கள்.